முன்னேரும் பின்னேரும்: காப்பி பற்றிய நூல்களில் உழவுப் பெண்

குறிஞ்சித் திணைப் பாடல்களைப் பயின்றோர்க்குத் தினைப்புனம் காக்கும் தலைவி நன்கு அறிமுகமானவள். பரண்மீது நின்று அவள் கிளி கடியும் ஓசையும், அவள் கையிலுள்ள தட்டையும் கவணும் நம் நினைவில் நிற்கின்றன. ஆயினும் அப்புனம் யாருக்கு உரியது, விளைந்த தினையை அளப்பவர் யார், புனங்காக்கும் நுட்பத்தை அவள் யாரிடம் கற்றாள், அதனைப் பின்னர் யாருக்குக் கற்பித்தாள் என்னும் வினாக்களுக்கு அப்பாடல்களில் விடையில்லை. அகப்பாடலின் நோக்கம் காதலொழுக்கத்தைக் காட்டுவதாகலின் இதனைக் குறையென்று கூறுதல் பொருந்தாது. எனினும், உழவையும் தோட்டத் தொழிலையுமே பொருளாகக் கொண்டு எழுந்த நூல்களிடம் இவ்வினாக்களை எழுப்பும் உரிமை திறனாய்வாளனுக்கு உண்டு.

இக்கட்டுரை அவ்வினாக்களைக் காப்பிப் பயிர் பற்றிய மூன்று நூல்களிடம் எழுப்புகின்றது. காப்பியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. உலகின் காப்பிப் பண்ணைகளில் 20 முதல் 30 விழுக்காடு வரை பெண்களால் நடத்தப்படுகின்றன என்றும், காப்பி விளைவிக்கும் உழைப்பில் பெண்களின் பங்கு 70 விழுக்காடு வரை எட்டுகின்றது என்றும் 2018ஆம் ஆண்டில் அனைத்துலகக் காப்பி அமைப்பு எடுத்துரைத்தது. உழைப்புக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைக் கருதியே காப்பி விளையும் நாடுகள் பலவற்றில் பெண்களுக்கெனப் பயிற்சித் திட்டங்களும் வழிகாட்டும் முறைகளும் தோன்றியுள்ளன. பயிற்சி என்பது கற்பித்தல். கற்பித்தலில் ஒரு குரல் உண்டு. கேட்பவரைப் பற்றிய ஒரு கணிப்பும் உண்டு. அக்குரலையும் கணிப்பையும் ஆராய்வதற்கு இலக்கியத்தைவிடச் சிறந்த களம் வேறில்லை.

கட்டளையின் குரல்

முதலாவது நூல் தமிழில் எழுந்தது. ஆபிரகாம் ஜோசேப் என்பார் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869ஆம் ஆண்டில் வெளிவந்தது. இலங்கை மலையக இலக்கிய வரலாற்றை எழுதுவோர் தொடக்க நூல்களுள் ஒன்றாக இதனைச் சுட்டுவது வழக்கம். காப்பித் தோட்டத்து வேலைகளைக் கும்மிப் பாட்டாகச் சொல்வது இதன் அமைப்பு. இந்நூல் துரைமார் பக்கம் நின்று பேசுகின்றது என்பது ஆய்வாளர் பலர் கண்ட முடிவாகும்.

ஈண்டு நாம் கருதவேண்டியது இதன் வடிவம். கும்மி பெண்களுக்குரிய ஆடல். வட்டமாகச் சூழ்ந்து, கைகொட்டி, ஒருத்தி முன்பாட மற்றவர் பின்பாடும் கலை அது. அதில் தலைவி நிலையானவள் அல்லள். இன்று முன்பாடியவள் நாளை பின்பாடுவாள். இத்தகைய வடிவத்தை எடுத்துக்கொண்ட ஆசிரியர், அதன் வட்டத்தைக் குலைத்துவிட்டார். இங்கே முன்பாடுகின்றவர் ஒருவரே; மற்றவர்கள் என்றென்றும் கேட்பவர்களே. வேலையின் முறையைச் சொல்லும் குரல் தோட்டத்தின் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி ஒலிக்கின்றது.

வரலாற்றையும் மறத்தல் ஆகாது. காப்பிக் காலத்தில் இலங்கை மலைகளுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளருள் ஆடவரே பெரும்பான்மையர். பருவத்திற்குச் சென்று மீள்வது அக்கால வழக்கம். பின்னர்த் தேயிலை பரவியபோதே பெண்கள் பெருந்தொகையாகக் குடியேறினர். ஆகவே பெண்கள் மிகுதியாக இல்லாத தோட்டத்திற்குப் பெண்களின் பாட்டு வடிவம் சென்று சேர்ந்தது. பெண்களின் குரல் அதனோடு செல்லவில்லை. இந்நூல் வெளிவந்த அதே 1869ஆம் ஆண்டில்தான் இலைத்துரு நோய் இலங்கைக் காப்பியில் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் அத்தொழிலையே சாய்த்துவிட்டது. பாட்டில் கற்பித்த தொழில் அழிந்தது. கற்பித்த முறையோ தேயிலைக்கும் இரப்பருக்கும் மாறிச் சென்று நிலைபெற்றது. மேலிருந்து ஏவுதலும் கீழிருந்து செய்தலும் என்னும் அம்முறையை மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் நன்கறிவர்.

சினத்தின் குரல்

இரண்டாவது நூல் 1860ஆம் ஆண்டில் டச்சு மொழியில் வெளிவந்த ‘மாக்ஸ் ஹாவலார்’. டச்சு வணிகக் கழகத்தின் காப்பி ஏலங்களைத் தன் துணைத் தலைப்பிலேயே தாங்கிய நாவல் இது. எடுவர்ட் தௌவஸ் டெக்கர் என்னும் அதிகாரி, ‘முல்தாதுலி’ என்னும் புனைபெயரில் இதனை எழுதினார். மிகவும் துன்புற்றேன் என்பது இலத்தீனில் அப்பெயரின் பொருள். 1856ஆம் ஆண்டில் மேற்கு ஜாவாவின் லெபாக் மாவட்டத்தில் துணை ஆளுநர் பொறுப்பிலிருந்த அவர், மக்கள்மீது நடந்த கொடுமைகளை எதிர்த்துப் பதவி துறந்தவர். 1830ஆம் ஆண்டில் புகுத்தப்பட்ட கட்டாயப் பயிர்முறை ஜாவா உழவரைக் காப்பி, கரும்பு, அவுரி ஆகியவற்றை அரசுக்காக விளைவிக்கச் செய்தது. அக்கொடுமையை ஐரோப்பியர் மனச்சான்றின் முன் நிறுத்திய பெருமை இந்நாவலுக்கு உண்டு.

இதில் வரும் சாயிஜா, அதிந்தா என்னும் இளையோர் கதை புகழ்பெற்றது. சாயிஜாவின் குடும்பத்து எருமையை அதிகாரம் படைத்தோர் பறித்துச் செல்கின்றனர். அவன் பொருளீட்டப் பத்தாவியாவுக்குப் புறப்படுகின்றான். முப்பத்தாறு திங்கள் கழித்து மீள்வதாக வாக்களிக்கின்றான். அவள் ஒவ்வொரு புதுமதிக்கும் நெல் குத்தும் மரத்தில் ஒரு கீறலிட்டு நாளெண்ணுகின்றாள். அவன் மீளும்போது அவள் இல்லை. குடும்பம் ஊரைவிட்டு ஓடிவிட்டது. இறுதியில் அவன் காண்பது அவளுடைய சடலத்தை.

படிப்பவர் கண்கலங்காதிருத்தல் அரிது. ஆயினும் திறனாய்வாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் படித்தல் வேண்டும். அதிந்தாவுக்கு இந்நாவல் கொடுத்த செயல் காத்திருத்தல் ஒன்றே. சுவரில் நாள் ஒற்றிய விரல் தேய்ந்த சங்கத் தலைவியருக்கு அவள் ஒருவகையில் தங்கை. எண்ணத் தெரிந்தவள், கணக்கு வைத்தவள், உழவுக் குடியிற் பிறந்தவள் எனினும், அவ்வறிவு அவளுடைய துயரத்தை அளக்கும் கோலாக மட்டுமே பயன்படுகின்றது. கதைமுடிவில் ஆசிரியர் தம் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுத் தாமே முன்வந்து மன்னர் மூன்றாம் வில்லெமை விளித்து நீதி கேட்கின்றார். நீதி கேட்கும் வாய் அவருடையது. துன்புறும் உடல் அவளுடையது.

நம் பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாடலையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். பிஜித் தீவில் வாடிய தமிழ்ப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்ட உயர்ந்த படைப்பு அது. சினமும் இரக்கமும் இன்றியமையாதவை. அவையின்றிச் சட்டமும் மாறாது. ஆனால் அவை முதற்படியே. இரக்கத்திற்குரியவளாக மட்டும் ஒருத்தியை நெடுங்காலம் பார்த்துவிட்டால், அவளிடம் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டு என்னும் எண்ணமே நமக்குத் தோன்றாது போய்விடும்.

அன்பின் குரல்

மூன்றாவது நூலின் ஆசிரியர் ஒரு பெண். அவரே காப்பி பயிரிட்டவர். டென்மார்க்கைச் சேர்ந்த கேரன் பிளிக்சன் 1914ஆம் ஆண்டு முதல் 1931ஆம் ஆண்டு வரை கென்யாவில் வாழ்ந்து, தம் அனுபவத்தை 1937ஆம் ஆண்டில் நூலாக்கினார். ‘அவுட் ஆஃப் ஆப்ரிக்கா’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். இங்கோங் மலையடிவாரத்தில் 6000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த அப்பண்ணை, காப்பிக்குச் சற்று மிகையான உயரம். குளிரும் மழையின்மையும் விளைச்சலைக் கெடுத்தன. கடன் பெருகியது. பண்ணை கைமாறியது.

இந்நூலின் அன்பு போலியன்று. பண்ணை மக்களுக்கு இரவுப்பள்ளி வைத்தவர் பிளிக்சன். பண்ணை விற்கப்பட்டபோது, அங்குக் குடியிருந்த கிக்குயு மக்கள் சிதறிப்போகாமல் ஓரிடத்தில் வாழ நிலம் வேண்டும் என்று அதிகாரிகளிடம் அலைந்து, டாகொரெட்டிக் காட்டுப்பகுதியில் இடம் பெற்றுத் தந்தவரும் அவரே. மண்ணை இழப்போர் மண்ணை மட்டும் இழப்பதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆயினும் இரு செய்திகள் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. முதலாவது, அக்குடிகள் தாம் உழும் துண்டு நிலத்திற்கு ஈடாக ஆண்டுக்கு 180 நாள் பண்ணையில் உழைக்க வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கர் தம் நிலத்தில் அரபிக்காக் காப்பி பயிரிடுவதைக் குடியேற்ற ஆட்சி 1930கள் வரை தடுத்தே வைத்திருந்தது. அஃதாவது, காப்பித் தொழில் முழுவதையும் கையால் அறிந்த கிக்குயுப் பெண்ணுக்கு அவ்வறிவைத் தன் வயலில் பயன்படுத்த வழியில்லை. இரண்டாவது, பிளிக்சனே அப்பண்ணைக்கு முழு உரிமையாளர் அல்லர். உறவினர் பணத்தில் அமைந்த ஒரு குழுமத்திற்குச் சொந்தமான பண்ணையை அவர் மேலாண்மை செய்தார். விற்பது என்னும் முடிவு டென்மார்க்கில் எடுக்கப்பட்டது. அமெரிக்கப் பதிப்போ ‘ஐசக் தினேசன்’ என்னும் ஆண்பெயரில் வெளிவந்தது. கல்வியும் குலச்சிறப்பும் உடைய வெள்ளைப் பெண்மணிக்கே நிலத்தின்மீதும் நூலின்மீதும் தம் பெயரை நிறுத்துவது எளிதாக இல்லை எனின், அவருடைய காப்பியைப் பறித்த பெண்களின் நிலையைக் கூறவேண்டுவதில்லை.

ஏடு காட்டாத காடு

மூன்று நூல்களும் பேசாது விட்ட ஒன்று உண்டு. அது பெண்ணின் தொழிலறிவு. அரபிக்காக் காப்பியின் கனிகள் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும். பழுத்ததை மட்டும் பறித்து, காயை விட்டு, அடுத்த சுற்றில் மீண்டும் அதே செடிக்கு வருதல் வேண்டும். பறித்த பழத்தை அன்றே தோலுரிக்காவிடின் புளித்துக் கெடும். புளிக்க வைக்கும் தொட்டியில் நேரம் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. வெயிலில் உலர்த்தும்போது இடைவிடாது புரட்டல் வேண்டும். பின்னர் ஊறுபட்ட கொட்டைகளைக் கையால் பொறுக்கி எடுத்தல் வேண்டும். காப்பியின் சுவையையும் விலையையும் முடிவு செய்யும் இவ்வேலைகளுள் பெரும்பாலானவை பெண்கள் கையில் உள்ளன. காப்பியை எடைபோட்டு விற்று, கையொப்பமிட்டுப் பணம் பெறும் வேலை ஆடவர் கையில் உள்ளது.

கென்யாவில் இந்நிலை எவ்வாறு உறுதிப்பட்டது என்பது அறியத்தக்கது. 1954ஆம் ஆண்டின் சுவின்னர்ட்டன் திட்டம் ஆப்பிரிக்க உழவர்க்குக் காப்பி முதலிய பணப்பயிர்களைப் பரவலாகத் திறந்துவிட்டது. கூடவே நிலத்தைத் தனியார் பெயரில் பதிவு செய்யும் முறையையும் விரிவாக்கியது. அப்பதிவு பெரும்பாலும் குடும்பத் தலைவனாகிய ஆடவன் பெயரில் நடந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் உரிமை நிலத்தையும் செடியையும் ஒட்டி அமைந்தது. ஆகவே சங்கத்தின் அழைப்பு, பயிற்சி, கடன், பணம் அனைத்தும் அவன் பெயருக்கே வந்தன. ஒரு கொடுமையை நீக்க வந்த சீர்திருத்தமே மற்றொரு சாய்வைச் சட்டமாக்கிவிட்டது.

பயிற்சியின் எல்லை

இந்நிலையில் பெண்களுக்குப் பயிற்சி என்னும் முழக்கத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? மேலே கண்ட மூன்று குரல்களையும் அளவுகோலாகக் கொள்ளலாம். பறிப்பதிலேயே முதிர்ந்த பெண்ணைக் கூட்டி வைத்துப் பறிக்கும் முறையைப் பாடம் நடத்தும் திட்டம் கும்மி நூலின் வழிவந்தது. அவளுடைய வறுமையைப் படம்பிடித்துக் காட்டி நன்கொடை திரட்டுவதோடு நின்றுவிடும் திட்டம் அதிந்தாவின் கதையைத் திருப்பிச் சொல்வது. பள்ளி வைத்தும் பரிசளித்தும், நிலத்தையும் கணக்கையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும் திட்டம் இங்கோங் மலைப் பண்ணையின் நிழல்.

நேர்மை கருதி ஒன்றைக் கூறல் வேண்டும். முல்தாதுலியின் சினம் வீணாகவில்லை. 1988ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் நியாய வணிகக் காப்பிக்கு முத்திரை ஒன்று வகுக்கப்பட்டபோது, அதற்கு ‘மாக்ஸ் ஹாவலார்’ என்றே பெயரிட்டனர். ஒரு நாவலின் தலைவன் கடைத்தட்டில் காப்பிப் பொட்டலத்தின்மீது அச்சானது இலக்கிய ஆற்றலுக்குச் சான்று. ஆயினும் அம்முத்திரை தாங்கியதும் உழவருக்காகப் பேசிய அதிகாரியின் பெயரையே. உழுத அதிந்தாவின் பெயரை அன்று.

மாற்று வழி இல்லாமலில்லை. வடபெருவில் 2003ஆம் ஆண்டில் நானூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் தம் காப்பியை ஆடவர் காப்பியிலிருந்து தனியே பிரித்து விற்பது என்று முடிவு செய்தனர். ‘கஃபே ஃபெமினினோ’ என்னும் பெயர் அவ்வாறு தோன்றியது. தனியே பிரித்ததால் பணம் எவருடையது என்பது தெளிவாயிற்று. கென்யாவின் கெரிச்சோ வட்டாரத்தில் கப்ங்கெதுனி கூட்டுறவுச் சங்கத்தைச் சார்ந்த ஆடவர் பலர், காப்பிச் செடிகளில் ஒரு பகுதியைத் தம் மனைவியர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தனர். நிலம் மாறவில்லை, செடி மாறியது. சிறிய செயலாகத் தோன்றலாம். எனினும் செடி தன் பெயரில் இருந்தால் சங்கத்தில் உறுப்பினராகலாம். உறுப்பினரானால் கூட்டத்தில் பேசலாம். பயிற்சிக்குரிய அழைப்பு அவள் பெயருக்கே வரும். 2010ஆம் ஆண்டின் கென்ய அரசியலமைப்பு நில உரிமையில் பாலின வேற்றுமையை விலக்கியதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் தகும்.

ருவாண்டாவின் வரலாறு இன்னும் ஆழமானது. 1994ஆம் ஆண்டின் இனப்படுகொலைக்குப் பின் எண்ணற்ற குடும்பங்களுக்குக் கைம்பெண்களே தலைவியராயினர். கணவன் வைத்துச் சென்ற காப்பிச் செடிகளைப் பேணும் பொறுப்பு அவர்கள்மீது வீழ்ந்தது. 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சமமான மரபுரிமை வழங்கியது. அதே ஆண்டில் மராபா என்னும் ஊரில் ஒரு காப்பிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2001ஆம் ஆண்டு முதல் அங்குக் கழுவு நிலையம் அமைந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துணையோடு, காப்பியின் சுவையைத் தேர்ந்து சொல்லும் பயிற்சியும் அந்நாட்டு இளைஞர்க்கு அளிக்கப்பட்டது. அதுவரை தாம் விளைவித்த காப்பியின் தரத்தைப் பிறர் சொல்லக் கேட்டவர்கள், தாமே சுவைத்து மதிப்பிடத் தொடங்கினர். உரிமை முன்னும் பயிற்சி பின்னுமாக, அன்றி இரண்டும் ஒருங்கே வந்தமையால்தான் அப்பயிற்சி வேரூன்றியது என்பது என் துணிபு. உரிமையில்லாத பயிற்சி, பிறன் வயலுக்கு மேலும் திறமான கூலியாளை உருவாக்குவதோடு முடிந்துவிடும்.

முன்னேர்

இனி வழிகாட்டுதலைப் பற்றிச் சிறிது கூறி முடிக்கலாம். முன்னேர் போன வழியே பின்னேர் என்பது நம் முதுமொழி. உழவிலே முன்னேர் பிடிப்பவர் கரையில் நின்று ஏவுபவர் அல்லர். அவரும் அதே சேற்றில், அதே வெயிலில் உழுபவர். அவருடைய சால் கோணினால் பின்வருவோர் சாலும் கோணும். ஆதலின் தம் தவற்றின் விலையைத் தாமும் சுமப்பவர். சிறந்த வழிகாட்டுதலுக்கு இதனினும் பொருத்தமான உவமை வேறு கிடையாது.

காப்பிக்காட்டிலும் இதுவே உண்மை. விளைச்சல் குன்றிய முதிய செடியை அடியோடு வெட்டினால் அது மீண்டும் துளிர்த்து வளமாகக் காய்க்கும். ஆனால் இடையில் ஓரிரு ஆண்டுகள் அச்செடியில் வருவாய் இராது. பிள்ளைகளின் பள்ளிச்செலவை அச்செடியிலே கண்ட தாய், அலுவலர் சொன்னார் என்பதற்காக அதை வெட்டத் துணிவாளா? பக்கத்து வயலில் ஒருத்தி வெட்டி, அவ்வாண்டுகளை எவ்வாறோ கடந்து, மீண்டும் காய்ப்பதைக் காட்டினால் துணிவாள். எத்தனை செடியை இவ்வாண்டு வெட்டுவது, எத்தனையை விடுவது, இடைக்காலத்தில் எதை ஊடுபயிராக இடுவது என்பதையெல்லாம் அவளே சொல்வாள். 1989ஆம் ஆண்டில் இந்தோனேசிய நெல்வயல்களில் தொடங்கிய உழவர் வயற்பள்ளி என்னும் முறை இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. வயலே வகுப்பறை, உழவரே ஆய்வாளர், ஆசிரியர் உடனிருந்து வினா எழுப்புபவர். கும்மியின் குலைந்த வட்டம் இங்கே மீண்டும் கூடுகின்றது. இன்று பின்பாடியவள் நாளை முன்பாடுகின்றாள்.

எனவே, ஒரு பயிற்சித் திட்டத்தின் வெற்றியைப் பயின்றோர் தொகையால் அளத்தல் போதாது. பயின்றவருள் எத்தனை பெண்கள் பயிற்றுநராயினர், செடியும் சங்க உறுப்பினர் உரிமையும் எத்தனை பேர் பெயருக்கு மாறின, விற்ற பணம் யாருடைய கையில் சேர்ந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை வேண்டும்.

இலக்கியத்திற்கும் இதே அளவுகோல் பொருந்தும். நம் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் இரப்பருக்கு முன் காப்பியே விளைந்தது. 1890களின் இறுதியில் விலை வீழ்ந்தபோது அது அழிந்து இரப்பர் வந்தது. அக்காலந்தொட்டு இரப்பர்க் காட்டில் நம் தாய்மார் பால்மரம் வெட்டியதையும், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு விடியலில் புறப்பட்டதையும் நம் சிறுகதைகளும் நாவல்களும் இரக்கத்தோடு பதிவு செய்துள்ளன. ஆனால் பட்டை காயப்படாமல் கத்தி எத்துணை ஆழம் செல்ல வேண்டும் என்பதைப் புதிதாய் வந்தவளுக்குக் கைபிடித்துக் கற்பித்த பெண்ணை நாம் எத்தனை கதைகளில் தலைவியாக்கியிருக்கின்றோம்? என் பாட்டி அவ்வாறு பலருக்குக் கத்தி பிடிக்கப் பழக்கியவர். செக்ரோலில் அவர் பெயர் வெட்டுமரத் தொழிலாளி என்று மட்டுமே இருந்தது. கற்பித்தமைக்கு அதில் கட்டம் இல்லை.

தமிழாசிரியர்களும் மாணவர்களும் தோட்ட வாழ்வு பற்றிய ஒரு கதையை அடுத்த முறை எடுக்கும்போது, அதில் துன்புறும் பெண்ணை மட்டும் தேடாமல் கற்பிக்கும் பெண்ணையும் தேடுவார்களாக. கதையில் அவள் இல்லையெனின், வகுப்பிலுள்ள மாணவர் வீட்டில் அவள் இருக்கக்கூடும். பாட்டியிடம் சென்று, அவர் அறிந்த தொழிலை அவர் சொல்லச் சொல்ல எழுதி வருமாறு பணிப்பது நல்லதொரு கட்டுரைப் பயிற்சியாகும். எழுதியதன் கீழ் மாணவன் தன் பெயரோடு, கற்பித்தவர் பெயரையும் எழுதுதல் வேண்டும்.